பாட்டெழுதியவரின் குரல்

கேள்வி: ஒரு பாடலாசிரியரின் வாழ்க்கையை ஒருவரே நடித்து, பாடி, பியானோவும் வாசிக்கும் இசை நாடகத்துக்குப் போயிருந்தேன். பாட்டுகள் நன்றாக இருந்தன. ஆனால் இடையிடையே கதை பேசியே நேரம் போய்விட்டது. குரலும் ரெக்கார்டில் கேட்டதுபோல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தெரிந்த பாட்டு வந்தபோதெல்லாம் கூடவே பாடினார்கள், முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. தவறா?

பதில்: எழுந்திருக்காதது தவறே இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ரெக்கார்டில் நீங்கள் கேட்டது பாடகரின் குரல். நாடகமோ அந்தப் பாட்டை எழுதியவரைப் பற்றியது. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லினை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு என்றதும் நம் காதில் ஒலிப்பது பாடகர் பிங் க்ராஸ்பியின் குரல். வார்த்தையும் மெட்டும் பெர்லினுடையவை. அவருக்கோ இசைக் குறிப்பைப் படிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். சுருதி மாற்ற வேண்டுமென்றால், அதற்கென்றே செய்த பியானோவில் ஒரு லீவரைத் தள்ளுவார். மனதில் இருப்பதை அவர் வாசித்தோ பாடியோ காட்ட, உதவியாளர் எழுதிக்கொள்வார். அப்படிப்பட்டவராக மேடையேறுபவர் க்ராஸ்பியைப்போல் குழைந்து பாடினால் வேஷம் கலைந்துவிடும். வரியைத் தேடித் தடுமாறிப் பிடிக்கிற குரல்தான் அங்கே வேண்டும்.

அப்புறம் கதை. பெர்லினின் முதல் மனைவி 1912-ல், திருமணமான சில மாதங்களிலேயே டைஃபாய்டில் இறந்துபோனார். இரண்டாம் திருமணத்தில் பிறந்த மகன், ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக்குழந்தை, 1928-ல் கிறிஸ்துமஸ் அன்றே இறந்தான். அந்தத் துக்கத்தைத்தான் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்ட பிறகு அதே பாட்டைக் கேட்டுப் பாருங்கள், நூறு முறை கேட்ட மெட்டு வேறு மாதிரி ஒலிக்கும். அந்த நான்கு நிமிடப் பேச்சை வெட்டினால் மிஞ்சுவது வெறும் கச்சேரி. கச்சேரிதான் வேண்டுமென்றால் அது எங்கேயும் கிடைக்கும்.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. இந்த வருடம் இந்தப் பாட்டு, அடுத்த வருடம் அந்தப் பாட்டு என்று பட்டியல் வாசித்துவிட்டுப் பியானோவில் உட்காரும் நாடகங்களும் இருக்கின்றன. நீங்கள் பார்த்தது அந்த ரகம் என்றால் உங்கள் சலிப்பு சரிதான். பேச்சு பாட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும், பாட்டு வரும்வரை நேரத்தை நிரப்பக் கூடாது.

கூடவே பாடியவர்கள் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. இந்த வகை நாடகத்தில் பேர்பெற்றவர் ஹெர்ஷி ஃபெல்டர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினாக 2001-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் நடித்தார், பிறகு பெர்லினாகவும் நடித்தார். அவரே பார்வையாளர்களைப் பாட அழைப்பதுண்டு. அப்போது அரங்கமே பாடுவது அழகு, பாட்டு எழுதியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அழைக்காதபோது பாடுவது வேறு. கெர்ஷ்வின் 38 வயதில் மூளைக் கட்டியால் இறந்தவர். அந்த இடத்துக்குக் கதை நெருங்கும்போது, தெரிந்த மெட்டாயிற்றே என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் முனக ஆரம்பித்தால், மேடையில் இருப்பவர் ஒன்றரை மணி நேரமாகக் கட்டியது சரிந்துவிடும். அவருக்குக் கைகொடுக்க இன்னொரு நடிகர் இல்லை, மூச்சுவிட இன்னொரு காட்சியும் இல்லை. அந்த இடத்தில் நம்மால் தரக்கூடியது மௌனம் ஒன்றுதான்.

சரி, எழுந்து நிற்பது. முன்வரிசை எழுந்துவிட்டதால் மேடை தெரியாமல் எழுந்தவர்கள்தான் பாதிப் பேர் என்பது என் கணிப்பு. உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் உட்கார்ந்தபடியே நன்றாகக் கைதட்டுங்கள். தனி ஒருவராக மேடையைத் தாங்கியவருக்கு அது போய்ச் சேரும்.