ஸ்டென்ட்டுக்கு முந்தின இரவு ஏன் கொழுப்பு மாத்திரை? கேள்வி பதில்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் அன்னதானத்துக்குப் போயிருந்தேன். ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறிய வலைக்குழாய்) வைக்கப்போகிற மூன்று பேரின் வீட்டார் என்னிடம் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்டார்கள்: முந்தின இரவு கொழுப்பு மாத்திரை எதற்கு? நான் இதயப் பிரிவில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

தோட்டத்து அக்கா ஒருவர்: அப்பாவுக்கு ஈப்போவில் ஸ்டென்ட். முந்தின இரவு அட்டோர்வாஸ்டேடின் 80 மில்லிகிராம் போடச் சொல்கிறார்கள். ஒரே ராத்திரியில் கொழுப்பு கரைந்துவிடுமா?

கரையாது அக்கா. கொலஸ்ட்ரால் நன்றாக இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த இரவு மாத்திரை வேறு வேலைக்கு. பலூனை ஊதி ஸ்டென்ட்டை விரிக்கும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புக்கட்டி நசுங்குகிறது. அதிலிருந்து உதிரும் துணுக்குகள் ரத்தத்தோடு ஓடி, கீழே இருக்கும் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். இதயத்தசையில் சிறிய பகுதி சேதமாகும். வலி தெரியாமலேகூட இது நடக்கலாம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில், இதயத்தசை சேதமானால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருக்கும். ஸ்டேடின் (அட்டோர்வாஸ்டேடின் போன்ற கொழுப்பு மாத்திரைகளின் பொதுப்பெயர்) சில மணி நேரத்திலேயே குழாயின் உட்சுவரில் அழற்சியைத் தணித்து, குழாய் தளர்ந்து விரிய உதவுகிறது. அந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் முன்கூட்டியே கொடுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: இதற்கு ஆதாரம் உண்டா, வெறும் நம்பிக்கையா?

உண்டு ஐயா, ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இத்தாலியில் நடந்து 2004-இல் வெளியான ஆர்மிடா ஆய்வில் 153 பேர் இருந்தார்கள். ஸ்டென்ட்டுக்கு முன் ஏழு நாள் தினமும் 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேடின் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சையை ஒட்டி மாரடைப்புக்கான அடையாளம் தெரிந்தது. எடுக்காதவர்களில் 18 சதவீதம். பிறகு நேப்பிள்ஸில் 668 பேருக்குச் செய்த ஆய்வில், முந்தின நாள் கொடுத்த ஒரே ஒரு 80 மில்லிகிராம் அளவே 15.8 சதவீதத்தை 9.5 ஆக்கியது.

இவை சிறிய ஆய்வுகள். பிரேசிலில் 4,191 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளிவந்த செக்யூர் பிசிஐ என்ற ஆய்வு, திடீர் நெஞ்சுவலியோடு வந்தவர்களிடம் சோதித்தது. ஒரு மாதத்துக்குள் மரணம், மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல் வந்தவர்கள், மொத்தமாகப் பார்த்தால் மாத்திரை எடுத்தவர்களில் 6.2 சதவீதம், எடுக்காதவர்களில் 7.1; பெரிய வித்தியாசமில்லை. உண்மையிலேயே ஸ்டென்ட் வைத்தவர்களை மட்டும் எடுத்தால் 6.0-க்கு 8.2. என் கருத்து இதுதான்: ஸ்டென்ட் உறுதி என்றால் இது மலிவான, பெரும்பாலும் பாதுகாப்பான ஒரு கவசம்.

லோரி ஓட்டும் தம்பி: நான் வருஷக்கணக்கில் சிம்வாஸ்டேடின் எடுக்கிறேன். மறுபடி எதற்கு? வெறும் வயிறாக வரச் சொன்னதால் நிறுத்திவிட்டேன்.

தம்பி, உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஏற்கனவே ஸ்டேடின் எடுப்பவர்களுக்கும் முன்கூட்டி அதிக அளவு கொடுத்தால் பலன் இருப்பதை 2009-இல் ஆர்மிடா ரீகேப்சர் காட்டியது: 383 பேரில், அப்படிக் கொடுத்தவர்களில் 3.7 சதவீதம் பேருக்கு இதயச் சிக்கல், கொடுக்காதவர்களில் 9.4. ஆனால் நீங்களாகச் சிம்வாஸ்டேடினை இரட்டிப்பாக்காதீர்கள். அது அளவு கூடினால் தசையைக் கெடுக்கும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை டாக்டர் மாற்றித் தரட்டும்.

இந்த வெறும் வயிறு விஷயம் என்னை ரொம்ப வருத்துகிறது. என் பெரியப்பா பால்மரம் வெட்டியவர். சாப்பிடாமல் வா என்றதை, மருந்தும் கூடாது என்று புரிந்துகொண்டு மூன்று நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். யாரும் அவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. சோறு வேண்டாம் என்றால் அது சோற்றுக்கு மட்டும்தான். ஒரு வாய் தண்ணீரோடு எந்த மாத்திரை போடலாம், எதை நிறுத்தணும் என்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் கட்டாயம் அந்தப் பட்டியலில் இருக்கணும்.

ஓர் அம்மா: இது போட்டால் கைகால் குடைகிறது.

சிலருக்கு உண்மையிலேயே தசைவலி வரும். ஆனால் லண்டனில் 60 பேரிடம் நடந்த சாம்சன் ஆய்வில், ஸ்டேடின் எடுத்தபோது வந்த தொந்தரவில் ஏறக்குறைய 90 சதவீதம் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் வந்தது. வலியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை அம்மா. சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) போல் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேடினுக்கு மாற்றலாம். ரோசுவாஸ்டேடின் ஆசியர்கள் உடம்பில் கூடுதலாகத் தங்கும், அதனால் சிறிய அளவில் ஆரம்பிப்பது வழக்கம்.

பஜாரில் கடை வைத்திருப்பவர்: சீன மருந்துக்கடையில் ஆங்காக் வாங்கிச் சாப்பிடலாமா? இயற்கையானதுதானே?

அந்தச் சிவப்பு அரிசியில் இருக்கும் மொனகோலின் கே என்பது லோவாஸ்டேடினேதான். மாத்திரையோடு இதையும் சேர்த்தால் இரண்டு ஸ்டேடின் எடுத்த கணக்கு. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவும் வேறுபடும். வேண்டாம் அண்ணே. அப்புறம், தம்புன் பம்ப்ளிமாஸ்: அதன் உறவுக்காரப் பழமான கிரேப்ஃப்ரூட், சிம்வாஸ்டேடினையும் அட்டோர்வாஸ்டேடினையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸிலும் அதே வகைப் பொருள் உண்டு. ஸ்டென்ட் வைக்கும் வாரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு தங்கை: நெஞ்சுவலி திடீரென்று வந்தால் வீட்டிலிருக்கும் ஸ்டேடினைப் போட்டுக் காத்திருக்கலாமா?

கூடாது. 999-ஐ அழையுங்கள். அடைப்பைத் திறப்பதுதான் முதல் வேலை; மாத்திரையை அங்கே கொடுப்பார்கள்.

அதே தங்கை: ஸ்டென்ட் வைத்த பிறகு?

மேலே சொன்ன கறுத்த சிறுநீர் போன்ற ஆபத்து இல்லாதவரை நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் திறக்கிறது. மற்ற குழாய்களுக்கு மாத்திரைதான் காவல். நான்கைந்து வாரத்தில் ரத்தம் கொடுத்து எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பாருங்கள். லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே வரவில்லையென்றால், கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டி அளவைக் கூட்டணுமா, வேறு மருந்து சேர்க்கணுமா என்று கேளுங்கள்.