அணு உலை விண்கலம் சொன்ன தேதியில் கிளம்புமா?

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது ஒரு மாணவி கேட்டாள்: "அணு உலை வைத்த கலத்தை இரண்டு மூன்று வருடத்தில் செவ்வாய்க்கு அனுப்பிவிட முடியுமா சார்?" 2004-ல் கட்டத் தொடங்கிய கல்பாக்கம் ஈனுலை (எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) 2010-ல் முடியும் என்றார்கள். அது இழுத்த இழுப்பு நமக்குத் தெரியும். விண்வெளியில் மட்டும் தேதி நிற்குமா?

குடியாத்தம் வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உலையையும் அணு வெப்பக்கலனையும் பிரித்துக்கொள்ளுங்கள். புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து தரும் சூட்டை மின்சாரமாக்குவது வெப்பக்கலன். செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில் இருப்பது அதுதான். அந்த ஊர்தி 2009-ல் போகவேண்டியது, 2011 நவம்பரில்தான் போனது. தாமதம் புளூட்டோனியத்தால் வரவில்லை, பாகங்களை அசைக்கும் மோட்டார்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. செவ்வாய்க்கு வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் சில மாதத் தாமதம் இரண்டு வருடமானது.

யுரேனிய அணுக்களைப் பிளந்து சூடு எடுக்கும் உலை இன்னும் கடினம். அமெரிக்கா விண்ணில் ஓட்டியது ஒன்றே ஒன்று, 1965-ல் ஸ்னாப்-10ஏ. 43 நாளில் நின்றது; பழுது உலையில் இல்லை, மின் பகுதியில். சோவியத் ஒன்றியம் முப்பதுக்கு மேல் அனுப்பியது. அதில் உலை வைத்த காஸ்மோஸ்-954 செயற்கைக்கோள் 1978-ல் கனடாவில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறியது.

ஒருமுறையும் ஓடாத உலையின் யுரேனியத்தால் அருகில் நிற்பவருக்குப் பெரிய ஆபத்தில்லை. அதனால்தான் பாதுகாப்பான சுற்றுப்பாதைக்குப் போன பிறகே உலையை இயக்குவார்கள். பயம் வேறு இடத்தில். ராக்கெட் கடலில் விழுந்தால் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து, அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை வேகம் குறைத்துத் திருப்பி அனுப்பும்; ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினை தானே தொடங்கிவிடலாம். ஈர மணலில் புதைந்தாலும் இதே கவலை. விழும் விதம் ஒவ்வொன்றுக்கும் உலை அணைந்தே இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டவேண்டும். வருடங்களைத் தின்பது இந்த வேலையும் எரிபொருள் தயாரிப்பும்தான். அமெரிக்காவின் 2019 விதிப்படி, அதிகம் செறிவூட்டிய (எளிதில் பிளவுபடும் வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியம் என்றால் அதிபரே அனுமதிக்கவேண்டும். குறைந்த செறிவு எடுத்தால் அனுமதி எளிது, ஆனால் உலையின் எடை கூடும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நெவாடாவில் கிரஸ்டி என்ற சிறிய உலையை மூன்று வருடத்தில் உருவாக்கி, 2018 மார்ச்சில் 28 மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அது தரையில் ஓடியது. ராக்கெட்டின் அதிர்வை அது தாங்கிக் காட்டவில்லை, வருடக்கணக்கில் ஓடியும் காட்டவில்லை.

எனவே மாணவியிடம் இப்படிச் சொல்லுங்கள்: எரிபொருள் கையில் இருந்து, முழு உலையும் தரையில் ஓடிக் காட்டியிருந்தால் மூன்று வருடத்தை நம்பலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த 26 மாதத்தையும் சேர்த்தே எண்ணட்டும். காத்திருப்பதால் யுரேனியம் வீணாகாது. ஆட்களும் பணமும்தான் நிற்பதில்லை. வியாழனின் நிலவுகளுக்குத் திட்டமிட்ட உலைக்கலம் 2005-ல் வரைபடத்தோடு கைவிடப்பட்டது.