அட்ரினலின் ஒன்றுதான், உறுப்புகளின் பதில் வேறு வேறு: கேள்வி பதில்

கேள்வி: பயந்தால் முகம் வெளிறுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சுக்குழாய் மட்டும் விரிகிறதாமே. ஒரே அட்ரினலின் இத்தனையும் எப்படிச் செய்கிறது?

அட்ரினலின் என்ற ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அந்தந்த உறுப்பில் இருக்கும் ஏற்பிதான் காரணம். 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இந்த ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தார். உட்பிரிவுகள் அப்புறம் வந்தன. தோலின் ரத்தக்குழாயில் ஆல்ஃபா 1 இருக்கிறது. அது தூண்டப்பட்டால் குழாய் இறுகும், முகம் வெளிறும். இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாயில் பீட்டா 2.

எனக்கு இன்றும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. பீட்டா 1, பீட்டா 2 இரண்டுமே செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைத்தான் கூட்டுகின்றன. அதே மூலக்கூறு இதயத் தசையை வலுவாகச் சுருங்க வைக்கிறது, மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்திவிடுகிறது.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு சால்புடமால் இன்ஹேலர் இழுத்ததும் கை நடுங்குகிறது. பயப்படணுமா டாக்டர்?

வேண்டாம். சால்புடமால் பீட்டா 2-ஐத் தூண்டித்தான் மூச்சுக்குழாயை விரிக்கிறது. கைத் தசைகளிலும் பீட்டா 2 இருப்பதால் வரும் நடுக்கம் அது, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கடி தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: படபடப்புக்கு நான் புரோப்ரனலால் சாப்பிடுகிறேன். தம்பிக்கும் படபடப்பு, ஆனால் அவனுக்கு ஆஸ்துமா. ஒன்று கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. அது பீட்டா 1, 2 இரண்டையும் அடைத்துவிடும். மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: அப்பா புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார். சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். அடுத்து கண்புரை ஆபரேஷனும் இருக்கிறது.

புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையை இறுக்குவது ஆல்ஃபா 1. மாத்திரை அதைத் தடுப்பதால் சிறுநீர் தடையின்றி வருகிறது. ஆனால் நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தேங்காதபடி குழாய்களை இறுக்குவதும் அதே ஆல்ஃபா 1 தான். அங்கும் கொஞ்சம் தடை விழுவதால் தலை சுற்றுகிறது. படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எழச் சொல்லுங்கள். தலைசுற்றல் தொடர்ந்தால் மருந்து எழுதியவரிடம் போங்கள்.

கண் விஷயத்தை மறக்கவே வேண்டாம். கண்பாவையை விரிக்கும் தசையும் ஆல்ஃபா 1-க்குக் கட்டுப்பட்டதுதான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்துபோகலாம், பாவையும் சுருங்கலாம். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் கண் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்திருந்தால் அதற்கேற்பத் தயாராக இருப்பார்.

கேள்வி: பயத்தில் வியர்க்கிறதே, அது ஆல்ஃபாவா பீட்டாவா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. வியர்வைச் சுரப்பிக்குப் போவது, பயத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்புதான், ஆனால் அது அங்கே அசெட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்வது மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பி. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்தும் எடுப்பவர்களுக்கு இது முக்கியம். சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.