ஆறு நாடுகள் ரக்பி தொடரில் இத்தாலிக்குப் பதிலாக ஜார்ஜியாவைச் சேர்க்கலாமா?

இத்தாலியை நீக்குவது தவறு. ஆனால் காகசஸ் நாடான ஜார்ஜியாவுக்கு வாசலே இல்லாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி ஆகிய ஆறும் ஆண்டுதோறும் மோதும் இத்தொடரில், கடைசி அணி கீழே இறங்குவதோ புது அணி மேலே ஏறுவதோ கிடையாது.

இத்தாலி 2000-ல் சேர்ந்தது. 2015 முதல் 2022 வரை இத்தொடரில் வரிசையாக 36 ஆட்டங்களில் தோற்றபோதுதான் இந்தக் கேள்வி வலுத்தது. அந்த வரிசை முறிந்த விதம் அபாரம்: 2022 மார்ச், வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். ஆட்டம் முடியும் தறுவாயில் இத்தாலி வீரர் காப்புவோட்சோ தன் அணியின் பாதியிலிருந்து வேல்ஸ் வீரர்களுக்குப் போக்குக் காட்டி ஓடி, பந்தைப் படோவானிக்குக் கொடுத்தார். அவர் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து டிரை எடுத்தார், கூடுதல் புள்ளிகளுக்காகக் கார்பீசி கம்பங்களுக்கு இடையே உதைத்தார், இத்தாலிக்கு 22-21 வெற்றி. 2024-ல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இத்தாலியிடம் தோற்றன. அந்த ஆண்டும் 2025-லும் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசியில் நின்றது வேல்ஸ். அப்போது வேல்ஸை நீக்கச் சொல்வோமா?

ஜார்ஜியாவோ 2022-லேயே தன் நகரமான படூமியில் இத்தாலியையும் கார்டிஃபில் வேல்ஸையும் வீழ்த்திவிட்டது.

சிக்கல் பணம்தான். தொடர் ஆறு நாட்டுச் சங்கங்களின் கையில் இருக்கிறது; ஓர் அணி ஒருமுறை கீழ்நிலைத் தொடருக்கு இறங்கினால் அதன் டிக்கெட், ஒளிபரப்பு வருமானம் சரியும். அதனால் யாரையும் நேரடியாக நீக்காமல், கடைசி அணியும் அடுத்த நிலை ஐரோப்பியத் தொடரின் சாம்பியனும் இருவரின் ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடட்டும். வென்றவர் உள்ளே வரட்டும்.