100 பேர் கொண்ட அமெரிக்க செனட்டில், விவாதத்தை முடிக்க விடாமல் மசோதாவைத் தடுக்கும் ‘ஃபிலிபஸ்டர்’ முறையை ஒழிக்க 51 ஓட்டு போதும் என்கிறார்கள். அப்படியானால் ஏன் இன்னும் ஒழிக்கவில்லை?

51 போதும் என்பது உண்மைதான். வழிமுறையும் எல்லோருக்கும் தெரியும், அரை நாளில் முடிகிற வேலை. பெரும்பான்மைக் கட்சிக்குள்ளேயே அந்த 51 பேர் தேறுவதில்லை என்பதுதான் சிக்கல். ஏன் தேறுவதில்லை என்று புரிய, இந்த ஏற்பாடு இன்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஃபிலிபஸ்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது விடிய விடிய நின்று பேசும் செனட்டர். 1957 சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார் (மசோதா எப்படியும் நிறைவேறியது). இப்போது யாரும் அப்படித் தொண்டை வறளப் பேசத் தேவையில்லை. தடுப்பை உடைக்க நினைப்பவர்கள்தான் பாடுபட வேண்டும்: விவாதத்தை முடிக்கச் சொல்லும் க்ளோச்சர் தீர்மானத்தில் 16 செனட்டர்கள் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் ஒரு அலுவல் நாள் விட்டு அதற்கடுத்த நாள் வாக்கெடுப்பு. 60 ஓட்டு வேண்டும். கிடைத்தாலும் மேற்கொண்டு 30 மணி நேரம் வரை இழுக்கலாம். மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒரு தடவை, எடுத்த மசோதாவை முடிக்க இன்னொரு தடவை என்று இதே சடங்கு இரண்டு முறை நடக்கும். ஒரு சாதாரண மசோதாவுக்கே ஒரு வாரம் போய்விடும். செனட்டுக்குப் பஞ்சமானது ஓட்டு மட்டுமல்ல, நேரமும்தான். ஆகவே 60 தேறாது என்று தெரிந்தால் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பெரும்பாலும் அந்த மசோதாவைத் தொடவே மாட்டார்.

அந்த 60 எதில் 60 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1975க்கு முன்பு தேவைப்பட்டது, அவைக்கு வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஆண்டு அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். ஆனால் கணக்கை வந்திருப்போரிலிருந்து பதவியில் இருக்கும் மொத்த செனட்டர்களுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் எதிர்ப்பவர்கள் வராவிட்டால் மசோதாவை நிறைவேற்ற நினைக்கும் தரப்புக்கு லாபம். இப்போது எதிர்ப்பவர் வந்து ‘இல்லை’ என்றாலும் ஒன்றுதான், வீட்டில் படுத்திருந்தாலும் ஒன்றுதான். 60 பேரைத் திரட்டும் பாடு முழுக்க மறுதரப்புக்கு. அதே 1970களில், முடங்கிய மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு வேறு அலுவலை நடத்தும் இரட்டைத் தட முறையும் வேரூன்றியது. தடுப்பதற்கு விலையே இல்லாமல் போனது இப்படித்தான். என் பார்வையில் 60 என்ற எண்ணைவிட இந்த இரண்டும்தான் பெரிய கோளாறு.

இனி, 51 ஓட்டில் ஒழிக்கும் அந்த வழிமுறை. அதற்கு ‘அணுகுண்டு வழி’ என்று பெயர். விதியை முறைப்படி மாற்றுவதானால், அந்த விவாதத்தை முடிக்கவே வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு தேவை, அதாவது 67 வரை. அது நடக்காது. அதனால் விதியின் வாசகத்தைத் தொடாமல் அதன் பொருளை மாற்றுகிறார்கள். 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்: உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு க்ளோச்சர் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேறும் என்று. விதிப்படி அது தவறு, எனவே அவைக்குத் தலைமை வகித்தவர் நிராகரித்தார். அந்தத் தீர்ப்பை எதிர்த்து ரீட் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 52-48 என்று தீர்ப்பு கவிழ்ந்தது. கவிழ்ந்த நொடியிலிருந்து அதுவே முன்னுதாரணம். 2017 ஏப்ரல் 6இல் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் இதே உத்தியை உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் நீட்டி நீல் கோர்சச்சை நீதிபதியாகக் கொண்டுவந்தார். அதுவும் 52-48தான். க்ளோச்சருக்கான விதி 22இன் வாசகம் மட்டும் அச்சில் அப்படியே கிடக்கிறது.

அப்போது சட்ட மசோதாக்களுக்கான ஃபிலிபஸ்டர் மட்டும் பிழைத்தது எப்படி? குடியரசுக் கட்சிக்கு அதிகம் வேண்டியவை இரண்டு: நீதிபதிகள், வரிக் குறைப்பு. நீதிபதிகளுக்கு 2017க்குப் பிறகு 51 போதும். வரிக்கு 1974 பட்ஜெட் சட்டத்தின் ‘ரீகன்சிலியேஷன்’, அதாவது வரவு செலவு மசோதாக்களுக்கான தனி வழி இருக்கிறது. அதில் விவாதத்துக்கு 20 மணி நேரம்தான், ஃபிலிபஸ்டர் செல்லாது. 2025 ஜூலை 1 அன்று டிரம்பின் பெரிய வரி மசோதா 50-50 என்று நின்று, துணை அதிபரின் ஓட்டில் நிறைவேறியது இப்படித்தான். வாக்குரிமை, தொழிலாளர் உரிமை போன்ற ஜனநாயகக் கட்சியின் கோரிக்கைகள் இந்த வாசலில் நுழையாது. வரவு செலவோடு நேரடித் தொடர்பில்லாத எதையும் இந்த வழிக்கான ‘பேர்ட் விதி’ வடிகட்டிவிடும். 2021இல் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி இதில்தான் அடிபட்டது. ஆக இன்றைய ஃபிலிபஸ்டர் இரு கட்சிகளுக்கும் சமமாக வலிப்பதில்லை.

அதற்காக ஜனநாயகக் கட்சியினர் ஒருமித்து நின்றார்களா என்றால் அதுவும் இல்லை. 2022 ஜனவரி 19 அன்று வாக்குரிமை மசோதா ஒன்றுக்கு மட்டும் ‘எழுந்து பேசித்தான் தடுக்க வேண்டும்’ என்று மாற்ற முயன்றார்கள். சொந்தக் கட்சி செனட்டர்களான ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் குடியரசுக் கட்சியோடு சேர, 48-52 என்று தோற்றது. மறுபக்கமும் இதே கதை. 2025இல் 43 நாள் அரசு முடக்கத்தின்போது ஃபிலிபஸ்டரைத் தூக்கி எறியச் சொல்லி டிரம்ப் வற்புறுத்தினார், சொந்தக் கட்சியின் செனட் தலைவர் ஜான் தூன் மறுத்துவிட்டார். அடுத்த தேர்தலில் சிறுபான்மையாகிவிட்டால் என்ன கதி என்ற பயம் வெளிப்படையாகச் சொல்லப்படும் காரணம். சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு என்பது என் கணிப்பு: சொந்தக் கட்சித் தொண்டர்கள் கேட்கும், ஆனால் தொகுதியில் அடிவாங்கித் தரும் மசோதாவுக்கு ஓட்டுப் போடாமல் தப்பிக்க ‘60 கிடைக்கவில்லை’ என்பதைவிட நல்ல சாக்கு கிடையாது.

‘பழையபடி எழுந்து பேச வைத்தால் போதும்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செலவு தலைகீழாக விழும். தடுப்பவர்களுக்கு அவையில் ஓரிருவர் இருந்தால் போதும். அவர்களில் ஒருவர் ‘கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை’ என்றால் 51 பேரைக் காட்ட வேண்டியது பெரும்பான்மைத் தரப்பு. ஒரே விஷயத்தில் ஒருவர் ஒரே சட்டமன்ற நாளில் இரண்டு முறைக்கு மேல் பேசக்கூடாது என்று விதி 19 சொல்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புது விஷயம், புதிதாக இரண்டு பேச்சு. திருத்தங்களைக் கட்டுப்படுத்தாமல் பேச்சை மட்டும் கட்டுப்படுத்தினால் வாரக்கணக்கில் அவை நின்றுபோகும். 2022 திட்டம் புதிய திருத்தங்களுக்கும் சேர்த்தே கதவடைத்தது இதனால்தான்.

நான் பரிந்துரைப்பது அதைவிடச் சின்ன மாற்றம்: ஐந்தில் மூன்று இருக்கட்டும், கணக்கை மறுபடி வந்து வாக்களிப்போருக்கு மாற்றுங்கள். 100 பேரும் வந்தால் 60தான். எதிர்ப்பவர்களில் 10 பேர் வராவிட்டால் 54 போதும், 15 பேர் வராவிட்டால் 51. சனிக்கிழமை நள்ளிரவில் வாக்கெடுப்பு வைக்கும் அதிகாரம் பெரும்பான்மைத் தலைவரிடம் இருக்கிறது. அவர் வைப்பாரா என்பது வேறு. எதிர்ப்பவர்களை வரவழைக்க வேண்டுமென்றால் தன் ஆட்களையும் உட்கார வைத்தாக வேண்டும், வியாழன் மதியமே ஊருக்கு விமானம் ஏறிப் பழகியவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.