எட்டாம் வகுப்பில் உலகக் குடிமையை எங்கிருந்து தொடங்குவது?

தருமபுரி பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு உலகப் பார்வையை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொடியும் மாறுவேடமும் வேண்டாம். ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தொடங்குங்கள். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு என்ற தாதுப்பொருள் அதில் அதிகமானால் பல்லில் கறை படியும்.

பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவரட்டும். கண்ணாடி கூடாது, ஃப்ளோரைடு அதோடு வினைபுரியக்கூடும். களப் பரிசோதனைப் பெட்டியின் கரைசலை நீங்களே ஊற்றுங்கள். அதில் அமிலம் இருக்கிறது. இளஞ்சிவப்பு மஞ்சளாகத் திரும்பத் திரும்ப ஃப்ளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

அடுத்த வகுப்பில் வரைபடத்தை விரியுங்கள். கென்யா, எத்தியோப்பியா, தான்சானியாவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே தொல்லைதான். இங்கே கருங்கல் பாறை, அங்கே எரிமலைப் பாறை. நாம் களி கிண்டும் கேழ்வரகின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான்! படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் நம் நாட்டு நல்கொண்டா முறை அங்கே போனது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர் இங்கே வந்தது.

பாடம் கெடுவது பரிதாபத்தில். "பாவம் ஆப்பிரிக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால், நம் ஊர் அளவைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். பல்லில் கறை உள்ள பிள்ளையை எழுப்பி நிறுத்தவே கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.