பேரிடர் நிதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: சாப்டூர் மலையடிவாரத்தில் குடியிருக்கும் பளியர் நாங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் ஓடை பெருகி, கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறோம். பழங்குடியினருக்கு மத்திய அரசின் பேரிடர் நிதி இருக்கிறது, டிரஸ்ட் பதிவுசெய்து திட்ட அறிக்கை போட்டால் பணம் நேராக வரும் என்று மதுரையிலிருந்து ஒருவர் வந்து சொல்கிறார். செலவுக்கு வீட்டுக்கு இரண்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள்.

நிதி இருப்பது உண்மை. அது உங்கள் டிரஸ்ட் கணக்குக்கு வரும் என்பதுதான் பொய். 2021–26க்கு 15-வது நிதி ஆணையம் வகுத்தபடி, மாநிலப் பேரிடர் நிதியில் 100 ரூபாய்க்கு 20 ரூபாய் ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு. 10 ரூபாய் பயிற்சி, கருவிகள் போன்ற முன்னேற்பாடுகளுக்கு. இரண்டுமே அரசுத் துறைகள் வழியாகத்தான் செலவாகும். உங்கள் குடியிருப்புக்கு அது வர, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் ஓடையும் வீடுகளும் ஆபத்தான பகுதியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்தத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்கிறது 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். வெள்ளத்தில் ஓர் உயிர் போனால் 4 லட்சம் கொடுக்க விதி தயாராக இருக்கிறது. அந்த உயிர் போகாமலிருக்க ஒரு கயிறும் ஒலிபெருக்கியும் கேட்டால் மேசை மேசையாக அலைய விடுகிறார்கள். 2015-ல் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. அதே மலையின் அடியில் குடியிருப்பவர்களை இன்னும் கேட்க வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நபர் அடுத்து மத்திய அரசின் 'ஜன்மன்' திட்டம் என்பார். அது மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினருக்கே அது உண்டு; பளியர் அதில் இல்லை. அந்தப் பெயரில் ஆதாரும் கைரேகையும் கேட்டால் தராதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்த கிராம சபையில் எல்லோரும் போய் உட்கார்ந்து தீர்மானம் போடுங்கள். ஓடை எங்கே பெருகுகிறது, எத்தனை வீடு மாட்டுகிறது, நிறைமாதப் பெண்கள், முதியவர்கள் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலை வைத்து, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

"வனநிலம், ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்று திருப்பி அனுப்புவார்கள். இங்கேதான் பெரும்பாலானோர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, சமுதாயக் கூடம், சாலை, குடிநீர், மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி உட்பட 13 வசதிகளுக்கு வனநிலத்தைத் தர வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். பட்டியலில் 'வெள்ள முகாம்' என்ற பெயர் இல்லை. ஆகவே சமுதாயக் கூடம் என்றே கேளுங்கள், மழைக்காலத்தில் அதில் தங்கிக்கொள்ளலாம். 'பாலம்' என்றும் தனியாக இல்லை. சாலைப் பணியின் பகுதியாக எழுதச் சொல்லுங்கள். மாவட்ட வன அலுவலர் ஒப்பாவிட்டால் விஷயம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும், குப்பைக் கூடைக்கு அல்ல.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தச் சலுகை அரசு நடத்தும் வசதிகளுக்கு மட்டுமே. விண்ணப்பம் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகம் போன்ற அரசுத் துறையிலிருந்து போக வேண்டும். டிரஸ்ட் பெயரில் கட்டிடம் கேட்டால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். அந்த நபர் கேட்கும் இரண்டாயிரத்தைவிடப் பெரிய நஷ்டம் அது.

மனு கொடுத்தும் பதில் இல்லையென்றால், அதன் மேல் என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் பெயரில் சான்று நகல் இணைத்து அனுப்பினால் அந்த 10 ரூபாயும் வேண்டாம்.